வீட்டு வரியோடு சேர்த்து தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் தனி வரி வாங்கலாமா?

அண்ணே, நீங்கள் கேட்டதை முதலில் மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டுக்கு வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் நகரத்துக்குப் போயிருந்தபோது மருமகனின் சொத்து வரி பில்லைப் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு, அவசர மருத்துவத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மலேசியாவில் நம் பினாங்கிலும் வருடத்துக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக வாங்கி ஆம்புலன்ஸும் பொம்பா வண்டியும், அதாவது தீயணைப்பு வண்டியும், வாங்கிப் போட்டால் என்ன, ஜனங்கள் கொடுக்க மாட்டார்களா என்பது உங்கள் கேள்வி.

கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். கட்டடம், நிலம் மதிப்பிடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், வீட்டு வரி கூடினால் திட்டுகிற அதே மனிதர் பக்கத்து வீடு எரிந்த மறுவாரம் பொம்பாவுக்கு நன்கொடை எழுதுவார். ஆனால் அங்கே அந்த வரி வேலை செய்வதற்குக் காரணம் வரி மட்டும் இல்லை. அதைச் சுற்றி வேறு சில ஏற்பாடுகள் இருக்கின்றன. அவை இல்லாமல் வரியை மட்டும் தூக்கி வந்து இங்கே வைத்தால் பில்லில் இன்னொரு வரி கூடும், ஆம்புலன்ஸ் வருகிற நேரம் குறையாது.

முதலில் இங்கே யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பொம்பா என்கிற தீயணைப்புத் துறை மத்திய அரசின் துறை. 1976 ஜனவரி 1 முதல் அப்படித்தான். இப்போது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இருக்கிறது. அதற்கு முன் ஊருக்கு ஊர் வேறு மாதிரி இருந்தது. ஜார்ஜ்டவுனில் லெபோ பந்தாயும் லெபோ சூலியாவும் சந்திக்கிற முனையில் கோபுரத்தோடு நிற்கிறதே, அந்தப் பழைய தீயணைப்பு நிலையம், அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராண்மை நடத்திய காலத்துக் கட்டடம். அப்போது ஊர்க்காரன் கட்டிய வரியில் ஊர்த் தீயணைப்புப் படை ஓடியது. அதாவது நீங்கள் கேட்கிற ஏற்பாடு பினாங்குக்குப் புதிதே இல்லை, ஒரு காலத்தில் இருந்து பிறகு கைமாறியது.

ஆம்புலன்ஸ் இன்னும் சிக்கல். பெரும்பாலும் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளும் சுகாதார நிலையங்களும் அனுப்புகிற வண்டிகள்தான். அவற்றோடு செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் என்ற தொண்டு அமைப்புகளின் வண்டிகளும் பொதுத் தற்காப்புப் படை வண்டிகளும் உண்டு, அப்புறம் தனியார். அவசர எண் 999க்கு அழைத்தால் முதலில் எடுப்பவர் அழைப்பு மைய ஊழியர். அவர் விவரம் கேட்டு உரிய துறைக்கு மாற்றுகிறார். இந்தச் சங்கிலியில் மாநகர் மன்றம் எங்கேயும் இல்லை. வீட்டு வரியை வசூலிப்பது மன்றம், வண்டியை ஓட்டுவது கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் இருந்து நிதி பெறுகிற துறைகள். நீங்கள் சொல்கிற ஐம்பது வெள்ளி எந்தக் கணக்கில் போய் விழும்?

சட்டத்தைப் பாருங்கள். 1976 ஊராட்சிச் சட்டம், 127ஆம் பிரிவு. மாநில அரசின் ஒப்புதலோடு மன்றம் வரி விதிக்கலாம், அதைத் தனித்தனியாகவும் விதிக்கலாம், ஒரே தொகையாகவும் விதிக்கலாம் என்கிறது. அதனால் தனி வரி என்ற எண்ணத்துக்கே சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வடிகாலுக்கென்று தனியாக ஒரு வரி விதிக்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. சிக்கல் அதே 127இல்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்காக அல்லது வேறு சட்டப்படி மன்றத்தின் கடமையாக இருக்கிற காரியங்களுக்காகத்தான் வரி விதிக்க முடியும். வடிகால் மன்றத்தின் கடமை. தீயணைப்பும் ஆம்புலன்ஸும் இன்றைக்கு அதன் கடமை இல்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் வரை போக வேண்டும்.

இப்போது உங்கள் மருமகன் பில்லுக்கு வருகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் அவசர மருத்துவ வரிக்கு உச்சவரம்பு, சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 50 சென்ட். 6 லட்சம் டாலர் வீடு என்றால் அதிகபட்சம் 300 டாலர். தீயணைப்பு மாவட்டங்களுக்கு, அதாவது தீயணைப்புக்கென்றே தனியாக வரி வாங்குகிற உள்ளூர் அமைப்புகளுக்கு, ஆயிரத்துக்கு 1 டாலர் 50 சென்ட் வரை. இந்த எண்களைவிட முக்கியம், அவசர மருத்துவ வரியை 6 வருடத்துக்கு, 10 வருடத்துக்கு அல்லது நிரந்தரமாக என்று கேட்டு வாக்காளர்களிடம் போக வேண்டும் என்பது. முதல் முறை கேட்கும்போது 60 விழுக்காட்டினர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். சியாட்டிலும் கென்டும் இருக்கிற கிங் கவுண்டியில் 1979 முதல் இப்படி வாக்கெடுத்துத்தான் நடக்கிறது, பெரும்பாலும் ஆறாறு வருடமாகப் புதுப்பிக்கிறார்கள். காலம் முடிகிற வருடத்தில் அந்தத் துறைக்காரர்கள் என்ன பாடுபடுவார்கள் தெரியுமா? எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை நிமிடத்தில் போனோம், இதயம் நின்றவர்களில் எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்று கணக்கைக் கொண்டுவந்து மக்கள் முன் வைப்பார்கள். வைக்காவிட்டால் பணம் கிடைக்காது. சியாட்டிலில் 1970இல் டாக்டர் லெனர்ட் காப் என்ற இதய மருத்துவரும் அந்நகரத் தீயணைப்புத் தலைவர் கோர்டன் விக்கரியும் சேர்ந்து, தீயணைப்பு வீரர்களுக்கே மருத்துவப் பயிற்சி கொடுத்து வீதிக்கு அனுப்பினார்கள். மாரடைப்பில் விழுந்தவரைக் காப்பாற்றுவதில் உலகம் முழுக்க அந்த ஊரை உதாரணம் காட்டுவார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் திரும்ப வருகிறது.

அதிலும் ஓட்டை உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. வாக்கெடுப்பு இல்லாமல் இப்படி ஒரு மாவட்டம் தன் மொத்த சொத்து வரி வசூலை வருடத்துக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் கூட்ட முடியாது, புதிதாகக் கட்டிய வீடுகளின் வரி தனி. சம்பளமும் டீசலும் மருந்தும் 1 விழுக்காட்டிலா ஏறுகிறது? அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை அந்த வரம்பைத் தூக்கச் சொல்லி மக்களிடம் கையேந்த வேண்டும். தோற்றால் ஆள் குறைப்பு, சில இடங்களில் நிலையமே மூடப்படும். தனி வரி என்றால் நிச்சயமான வருமானம் என்று நாம் நினைக்கிறோம், கிடைக்கிற தொகைக்கு மேல் போக வழியில்லாத வருமானம் என்பதும் அதுவேதான்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். யாரிடம் வாக்குக் கேட்பது? நமக்கு ஊராட்சித் தேர்தலே கிடையாது. 1965இல் நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டம் அதை முற்றாக மூடியது. பினாங்கு மாநில அரசு 2012இல் தன் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் இயற்றித் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. இன்றைக்கு மன்ற உறுப்பினர்கள் நியமனத்தில் வருபவர்கள். அவர்களில் நல்ல உழைப்பாளிகள் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். ஆனால் தீயணைப்பு வரி என்று வாங்கிய காசு சாலையோர விளக்குக்கும் விழாவுக்கும் போனால் அவர்களை மாற்ற உங்களிடமும் என்னிடமும் எந்தப் பிடியும் இல்லை. என்னுடைய முக்கியமான தயக்கம் இதுதான். ஒப்புதல் கேட்கிற வழியும் காலாவதியாகிற தேதியும் இல்லாத தனி வரி, பேரில் மட்டும்தான் தனி வரி.

அடுத்தது மதிப்பீடு. இங்கே நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், தொழில் பழக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வீட்டு வரி, வீட்டின் விற்பனை விலையில் கணக்கிடப்படுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்ற ஆண்டு மதிப்பில் குறிப்பிட்ட ஒரு விகிதத்தை வரியாகப் போடுகிறார்கள். மாதம் 500 வெள்ளி வாடகை போகக்கூடிய அடுக்குமாடி வீட்டுக்கு ஆண்டு மதிப்பு 6,000. மாதம் 1,500 போகிற மாடி வீட்டுக்கு 18,000. தீயணைப்புக்கென்று அரை விழுக்காடு கூட்டினால் முதல் வீட்டுக்கு வருடத்துக்கு 30 வெள்ளி, இரண்டாவதுக்கு 90. பிறை என்ற ஊரில் மாதம் 50,000 வெள்ளி வாடகைக்குப் போகிற தொழிற்சாலை என்றால் 3,000. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மதிப்பீட்டுப் பட்டியல் பழையதாக இருந்தால் எல்லாமே கோணல். சட்டம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது, மாநில அரசு விரும்பினால் நீட்டிக்கலாம். பினாங்குத் தீவில் 2005 பட்டியல் 2020 வரை ஓடியது. கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2013 கடைசியில்தான் புது மதிப்பு நோட்டீஸ் வந்தது. வந்த வேகத்தில் எதிர்ப்பு கிளம்பி, மறுப்புக் கடிதங்கள் குவிந்து, குடியிருப்பு வீடுகளுக்கான விகிதத்தை 6இல் இருந்து 4 விழுக்காடாகக் குறைத்தார்கள். இருபது வருடம் தூங்கிய மதிப்பை ஒரே நாளில் எழுப்பினால் இதுதான் நடக்கும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் இதே குழியில் விழுந்தது. காப்புறுதி பிரீமியத்தில் சேர்த்து வாங்கிவந்த தீயணைப்புத் தொகையைச் சொத்து வரியாக மாற்ற எல்லாம் தயார், 2017 ஜூலை 1 தொடக்கம் என்று அறிவித்தாயிற்று. கடைக்காரர்களுக்கும் சிறு தொழில்காரர்களுக்கும் வரப்போகிற பில்லைப் பார்த்ததும் மே மாதத்திலேயே தள்ளி வைத்துவிட்டார்கள்.

ஜார்ஜ்டவுனில் இது இன்னும் உறைக்கும். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000 முதல் வாடகை ஏறத் தொடங்கியது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இன்னும் ஏறியது. உள்ளே வாழ்கிற கிழவிக்கு வருமானம் அதே பழைய வருமானம்தான், வீட்டின் ஆண்டு மதிப்பு மட்டும் பறக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய அந்தக் கடைவீட்டு வரிசைகளில் மரத்தளமும் மரப்படியும் இருப்பதால் தீ ஆபத்து நிஜமானது, அங்கே அதிகப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் சரி. ஆனால் ஆபத்து இருக்கிற இடத்தில் கட்டுகிற சக்தி இருக்கும் என்று நினைப்பது தவறு. வெல்ட் கீ பக்கம் கடலுக்குள் கால் நட்ட மரக் குடியிருப்புகள் இருக்கின்றனவே, அவற்றைப் பாருங்கள். தீ பிடித்தால் வரிசையே போய்விடும், வரி மதிப்பு என்று பார்த்தால் சொற்பம்.

ஒவ்வொரு வட்டாரமும் தன் வரியில் தன் படையை நடத்தினால் பணக்கார வட்டாரத்துக்குப் புது வண்டி, ஏழை வட்டாரத்துக்குப் பழைய வண்டி என்று ஆகிவிடும். அமெரிக்காவில் பல இடங்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது, ஒரே விகிதத்தில் வரி போட்டாலும் பெரிய வீடுகள் நிறைந்த இடத்துக்குக் கொட்டுகிறது, பண்ணை ஊருக்குச் சொட்டுகிறது. நம் தீவின் கிழக்குக் கரையையும் நிபோங் திபால் தோட்டப்புறத்தையும் ஒப்பிட்டால் போதும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதைக் கொஞ்சம் சரியாகச் செய்தது. 2009இல் 173 பேர் இறந்த காட்டுத்தீக்குப் பின் அமைத்த விசாரணைக் குழு, காப்புறுதி வைத்திருப்பவன் மட்டும் தீயணைப்புக்குக் கட்டுவது அநியாயம் என்று சொன்னதால் 2013 ஜூலை 1 முதல் சொத்து வரியாக மாற்றினார்கள். எல்லாருக்கும் ஒரு நிலைத்த தொகை, அதன் மேல் சொத்து மதிப்புக்கு ஏற்ற ஒரு தொகை. ஊர் மன்றம் வீட்டு வரி பில்லிலேயே சேர்த்து வசூலித்து மாநில அரசுக்கு அனுப்பிவிடும், பணம் ஒரே பொது நிதியில் சேரும். இங்கே எடுத்துக்கொள்வதென்றால் இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் 2025 ஜூலையில் அதை விரிவாக்கிப் பெயரை மாற்றி விகிதத்தைக் கூட்டியபோது விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நிலம் நிறைய, கையில் காசு இல்லை, வறட்சி வேறு.

ஆம்புலன்ஸை இதில் இழுக்காதீர்கள் என்பது என் கருத்து. தீக்கும் கட்டடத்துக்கும் உறவு இருக்கிறது, பெரிய கட்டடம் எரிந்தால் அதிக வண்டி, அதிக ஆள். ஆம்புலன்ஸை அழைப்பது மனிதர்கள். பாயான் லெப்பாஸ் விடுதியில் தங்குகிற வங்காளதேசத் தொழிலாளி, பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த பையன், வாடகை வீட்டில் இருக்கிற சர்க்கரை நோயாளி, இவர்கள் யாரும் சொத்து வரி கட்டுபவர்கள் இல்லை. அதற்காக இவர்களுக்குச் சேவை குறையக்கூடாது. உடல்நலத்துக்கான செலவு பொது வருமானத்திலிருந்து வருவதே சரி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2003 முதல் மின்சார பில்லில் ஆம்புலன்ஸ் தொகை சேர்த்து வாங்கினார்கள், 2011இல் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, வண்டி வாங்குவது இருப்பதிலேயே சின்ன செலவு. ஒரு ஆம்புலன்ஸ் 24 மணி நேரமும் தயாராக நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஊழியர் வாரம் 45 மணி நேரம் வேலை செய்தால் நான்கு குழு வேண்டும், விடுப்பு, பயிற்சி, நோய் எல்லாம் சேர்த்தால் ஐந்து. குழுவுக்கு இரண்டு பேர் என்றாலும் பத்து பேர். ஆளுக்கு மாதம் 3,500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வருடச் சம்பளம் மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் ஐம்பது வெள்ளிக் கணக்கில் 8,400 வீடுகளின் பணம் ஒரே ஒரு வண்டியின் சம்பளத்துக்குச் சரியாகப் போய்விடும். டீசல், ஆக்சிஜன், மருந்து, டயர், காப்புறுதி எதுவும் இதில் சேரவில்லை. கோயில்களிலும் சங்கங்களிலும் காசு திரட்டி ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள், நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் இரவு மூன்று மணிக்கு அதில் உட்கார ஆள் இல்லையென்றால் அது நிறுத்தி வைத்த வண்டிதான்.

பணம் தீர்க்காத விஷயங்களும் இருக்கின்றன. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக்கு மதிப்பீட்டு வேலையாகப் போயிருந்தேன். மாடி நடைபாதையில் தீயணைப்புக் குழாய்ப் பெட்டி இருந்தது, கண்ணாடிக் கதவு கூட உடையவில்லை, உள்ளே குழாய் இல்லை, பித்தளை முனையை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கீழே இரண்டு வரிசையாகக் கார் நிறுத்தியிருந்ததில் நடுவே என் மோட்டார் சைக்கிளே திருகித்தான் போனது, ஏணி வண்டி எப்படி நுழையும்? மின்தூக்கியில் ஸ்ட்ரெச்சரை நிமிர்த்திச் சாய்த்துத்தான் ஏற்ற முடியும் போலிருந்தது. வண்டி பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்தாலும் அந்த வாசலிலிருந்து நோயாளி வரைக்கும் இன்னொரு பத்து நிமிடம் போய்விடும். இதற்கு ஆம்புலன்ஸ் வரி என்ன செய்யும்?

சரி, அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். பினாங்கில் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் இருக்கின்றன. பகலில் பட்டறையிலும் கடையிலும் வேலை செய்துவிட்டு அழைப்பு வந்தால் ஓடுகிற ஆட்கள். மத்திய அரசின் சிறு மானியமும் ஊர் நன்கொடையும்தான் அவர்களுக்கு ஆதாரம், பழைய வண்டியைத் தாங்களே பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும், தெருவில் இருக்கிற தீயணைப்பு நீர்க்குழாய்களைச் சரிபார்க்கவும், பழைய அடுக்குமாடிகளில் குழாய்ப் பெட்டி, அவசர வழி, வண்டி நுழையும் பாதை எல்லாவற்றையும் சீர்படுத்தவும் ஒரு நிதி வேண்டும். இதில் பெரும்பகுதியை இன்றைக்கே மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கலாம், அதற்குப் புது வரி தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

அதற்கும் மேல் வரிதான் வேண்டும், நாடாளுமன்றமும் வழிவிடுகிறது என்றால், கென்ட் பில்லில் நீங்கள் கவனிக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே வரி போக, கட்டடத்தின் அளவையும் பயன்பாட்டையும் வைத்து ஒரு தனிக் கட்டணம் வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு பொருத்தியிருந்தால் குறையும். அதே மாதிரி இங்கே தொழிற்சாலை, கிடங்கு, பேரங்காடி, ஹோட்டல் இவற்றிடம் அளவுக்கு ஏற்றபடி வாங்கலாம், மலிவு விலை வீடுகளுக்கு முழு விலக்கு. தீவு, எதிர்க்கரை நிலப்பகுதியான செபராங் பிறை இரண்டுக்கும் ஒரே நிதி. தனிக் கணக்கில் பூட்டி, ஆறு வருடத்தில் தானாகக் காலாவதியாகும் என்று சட்டமன்றத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். வாக்கெடுப்பு இல்லாத ஊரில் ஓரளவாவது கேள்வி கேட்க அந்தத் தேதி ஒன்றுதான் வழி. ஒன்றை மறந்துவிடாதீர்கள், கோயில், மசூதி, தேவாலயம், இடுகாடு, பள்ளி போன்றவற்றுக்குச் சட்டப்படி விலக்கு கொடுக்கலாம், அரசுக் கட்டடங்கள் வரிக்குப் பதில் உதவித்தொகைதான் செலுத்தும். அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட வேண்டும்.

உங்கள் புக்கிட் மெர்தாஜம் வீடு மாதம் 1,200 வெள்ளி வாடகை போகும் என்றால், அரை விழுக்காட்டுக் கணக்கில் வருடத்துக்கு 72 வெள்ளி வரும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கட்டுகிற பில்லில் 36, 36. மன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது வரி கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எத்தனை தீயணைப்பு நீர்க்குழாய் வேலை செய்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அதை வைத்து எவ்வளவு நிதி தேவை என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.